சொல்லும் சட்டமும்: சிலாபம் எழுப்பும் வினா

புதிய தொடர்புச் சாதனங்கள் மக்களாட்சியை விரிவாக்கும் என ஒரு சாரார் போற்றுவர். அவை ஒழுங்கைக் குலைக்கும், ஆகவே கடுஞ்சட்டம் வேண்டும் என மறுசாரார் வாதிடுவர். இரு சாராரும் கருவியையே நோக்குகின்றனர். கருவியின்வழி வரும் சொல்லுக்குப் பொருள் விதிப்பவர் எவர் என்னும் வினா அவர்தம் வாதங்களில் இடம்பெறுவதில்லை. புத்தளம் மாவட்டத்தின் அனுபவம் அவ்வினாவைத் தவிர்க்க இயலாததாக்குகின்றது.

உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நிகழ்ந்து மூன்று வாரங்களின் பின், 2019 மே 12 அன்று, சிலாபத்தில் முஸ்லிம் வணிகர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் ஒரு சிறு வாசகம் எழுதினார். அதிகம் சிரிக்க வேண்டாம், ஒருநாள் அழ நேரும் என்பதே அதன் கருத்து. அச்சம் மேலோங்கியிருந்த சூழலில் அது வரவிருக்கும் தாக்குதலின் முன்னறிவித்தலாக வாசிக்கப்பட்டது. கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, எழுதியவர் கைதானார். மறுநாள் வன்முறை குருநாகல், கம்பஹா மாவட்டங்களுக்குப் பரவியது. கொட்டாரமுல்லையில் தச்சுத் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டார். அரசு சமூக ஊடகங்களை முடக்கிற்று.

ஈண்டு கருதத்தக்கது யாதெனில், சட்டம் இல்லாமையால் இவ்வவலம் நேரவில்லை. பகைமையைத் தூண்டுவதைத் தடுக்கும் சர்வதேச சமவாயச் சட்டம் 2007 முதல் நடைமுறையில் இருந்தது. ஆயின், மனித உரிமைச் சமவாயத்தின் பெயர் தாங்கிய அச்சட்டத்தின் கீழேயே, முகநூலில் சிறுகதை ஒன்றை வெளியிட்ட சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார 2019 ஏப்ரலில் கைது செய்யப்பட்டார். தூண்டுதலைத் தடுக்க வந்த சட்டம் எழுத்தாளனை நாடிச் சென்றது.

சாதனத்தை நடத்தும் நிறுவனமும் பொறுப்பிலிருந்து விலக முடியாது. 2018 மார்ச்சில் திகனையில் நிகழ்ந்த வன்முறையில் தன் தளம் துர்ப்பிரயோகம் செய்யப்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் 2020இலேயே வருத்தம் தெரிவித்தது. ஒரு சமூகத்தின் மொழியை அறியாமலே அதன் உரையாடலில் இலாபம் காணும் வணிகத்தின் இயல்பு இது.

பொருள் விதிக்கும் அதிகாரத்தின் ஆபத்து கணினித் திரையோடு நிற்பதுமன்று. புத்தளத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 'நவரசம்' என்னும் தமிழ்க் கவிதை நூலின் பொருட்டு 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது 2023 டிசம்பரிலாகும். பிழையான வாசிப்பைத் திருத்த நீதிக்கு மூன்றரை ஆண்டுகள் தேவைப்பட்டன.

இப்பின்னணியில், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஐவர் கொண்ட ஆணைக்குழுவொன்றிடம் பொய்க்கூற்று எதுவென முடிவுசெய்யும் அதிகாரத்தை அளித்தமை ஐயத்துக்குரியதே. சொல்லின் பொருள் சூழலாலும் மொழியாலும் அமைவது; அதனை ஆராயப் பொறுமையும் எதிர்வாதத்துக்கு இடமும் வேண்டும். சிலாபத்தில் கல்லெறிந்தோர் வாசகத்தின் பொருளை ஆராயவில்லை. சட்டமும் அவ்வாறே விரைந்து வாசிக்குமாயின், கும்பலுக்கும் நீதிக்கும் இடையேயுள்ள வேறுபாடு மங்கிப்போகும்.