புசலும் பொருளுடை இலக்கமும்: பௌதிகவியற் கல்வியில் அளவீடு பற்றிய ஒரு நோக்கு

ஆரம்பப் பௌதிகவியல் நூல்கள் பெரும்பாலும் அளவீட்டுடனேயே தொடங்குகின்றன. ஆசிரியரும் மாணவரும் மிக விரைவாகக் கடந்து செல்லும் அத்தியாயமும் அதுவே. அலகுகளின் அட்டவணை, பரிமாணங்கள், வேணியர் இடுக்கிமானியின் இழிவெண்ணிக்கை, பூச்சிய வழு, ஈற்றிற் பொருளுடை இலக்கங்கள் பற்றிய சில விதிகள்: இடையில் நிற்கும் பூச்சியம் கணக்கிற் சேரும், முன்னே நிற்பது சேராது. இவ்விதிகளை மனனஞ் செய்த மாணவன் பரீட்சையிற் புள்ளி பெறுகிறான். ஓர் எண்ணின் ஒவ்வோர் இலக்கமும் “இதனை நான் அறிவேன்” என்ற உரிமைகோரல் என்பது அவனுக்குச் சொல்லப்படுவதில்லை. எமது குறைபாடு இங்கேதான் தொடங்குகிறது.

கலைச்சொல்லும் இதற்கு ஓரளவு பொறுப்புடையது. தமிழ்நாட்டுப் பாடநூல் இவற்றை ‘முக்கிய எண்ணுருக்கள்’ என்கிறது. முக்கியமான இலக்கம் வேறு, பொருளுடைய இலக்கம் வேறு. 4.20 மீற்றரில் ஈற்றுப் பூச்சியம் முக்கியமானதா என வினவினால் மாணவன் தடுமாறுவான். அதற்குப் பொருளுண்டா என வினவினால், சென்ரிமீற்றர் வரை அளந்தோம் என்று விடை கூற வழியுண்டு. (நிறை என்னும் சொல்லின் கதி இதனினும் மோசமானது. ஈழத்துப் பாடநூலில் அது விசை, திணிவு வேறு. தமிழகத்தில் அதுவே திணிவு. விசைக்கு எடை என்று பெயர். பாக்கு நீரிணையைக் கடக்கும் மாணவன் நியூற்றனைக் கிலோகிராமாக்க வேண்டியவனாகிறான்.)

பூநகரிப் பிரதேசத்து ஜெயபுரத்தில் உயர்தரப் பௌதிகவியல் பயிலும் மாணவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். ஆய்வுகூடத்தில் அவனுக்கு மீற்றரும் கிலோகிராமும். வீட்டிலோ வயல் ஏக்கர், மழை மில்லிமீற்றர், குளத்து நீர்மட்டம் அடி, விளைச்சல் புசல். இலங்கை மெற்றிக் முறைக்கு மாறத் தொடங்கியது 1970களில். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள் சட்டமும் உண்டு. ஆயினும் வயலிற் புசல் சாகவில்லை.

அந்தப் புசலையே நோக்குவோம். அடிப்படையில் அது ஒரு கனவளவு. எட்டுக் கலன், அதாவது 36.4 லீற்றர். நெல்லைப் பொறுத்தவரை ஒரு புசல் 46 இறாத்தல் எனக் கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. மெற்றிக் முறை வந்ததும் அது 20.87 கிலோகிராம் ஆயிற்று. இரண்டு இலக்கங்களுடன் புறப்பட்ட எண் நான்கு இலக்கங்களுடன் வந்து சேர்ந்திருக்கிறது. 46 என்பது 45.5க்கும் 46.5க்கும் இடைப்பட்டதாயின், புசல் 20.6க்கும் 21.1க்கும் இடைப்பட்டது, 21 என்றெழுதுவதே நேர்மை. 20.87 எனும்போது ஐந்து கிராம், அதாவது ஏறத்தாழ இருநூறு நெல்மணிகள் வரை எமக்குத் தெரியுமென்று கூறுகிறோம். மொட்டைக்கறுப்பனும் புதிய இனங்களும் ஒரே மரைக்காலை ஒரே திணிவால் நிரப்பும் என எவரும் எதிர்பாரார்.

இதற்கு ஒரு மறுப்புண்டு. 46 இறாத்தல் என்பது அளவீடன்று, உடன்படிக்கை, உடன்படிக்கை எண்ணுக்கு வழு இல்லை, ஆகவே 20.87 சரியே என வாதிடலாம். வாதம் வலுவானதே. வெறும் கணக்கு அலகாக அதனை ஏற்கலாம். ஆனால் மரைக்காலால் அளந்த புசலைப் புள்ளிவிபரப் படிவத்திற் கிலோகிராமாக மாற்றும் கணமே உடன்படிக்கை அளவீட்டின் வேடத்தைப் பூண்டுவிடுகிறது. எம் மாணவனுக்கு இவ்விரண்டையும் பிரித்தறியும் பயிற்சி தரப்பட்டிருக்கிறதா?

வழு யாருடைய தோளிற் சுமத்தப்படுகிறது என்பது ஈரப்பதனில் இன்னும் தெளிவாகும். கொள்வனவுக்கான நியம ஈரப்பதன் 14 சதவீதம். ஈரப்பதன் 20 சதவீதமான 1000 கிலோகிராம் நெல்லில் உலர் பொருள் 800 கிலோகிராம். 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் 930 கிலோகிராம் எஞ்சும். கணிகருவி 930.2325581 எனக் காட்டும். ஈரமானி இல்லாதவிடத்து மணியைப் பல்லிடையே கடித்தே ஈரம் மதிக்கப்படுகிறது. அம்மதிப்பில் இரண்டு சதவீதம் முன்பின்னாக இருக்கலாமெனக் கொள்வோம். ஈரம் 18 ஆயின் 953 கிலோகிராம். 22 ஆயின் 907. வேறுபாடு 46 கிலோகிராம், இரண்டு புசலுக்கு மேல்! இந்த இடைவெளி முழுவதும் ஐயத்துக்குரியது. ஆனால் அறுவடைக் கடனை உடன் தீர்க்க வேண்டிய விவசாயி பேரம் பேசும் நிலையில் இல்லை. ஐயத்தின் பயன் தராசுக்கு உரியவனையே சேர்கிறது. ‘வழு’ என்ற அத்தியாயத்துக்கு இதனினும் பொருத்தமான உதாரணத்தை நான் அறியேன். எமது நூல்களோ கம்பியின் விட்டத்துடன் நின்றுவிடுகின்றன.

நில அளவையிலும் இத்தகையதே. யாழ்ப்பாண வழக்கில் வரகு விதைப்புப் பரப்புப் பதினாறு கொண்டது ஓர் ஏக்கர். நெல் விதைப்புப் பரப்பாயின் இருபத்துநான்கு. பத்துப் பரப்பு என்று மட்டும் எழுதினால் அது 0.63 ஏக்கராகவும் இருக்கலாம், 0.42 ஏக்கராகவும் இருக்கலாம். அலகில்லா எண் பொருளற்றது என்னும் பாடநூல் வாசகத்துக்கு உறுதியில் உயிருண்டு.

எம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் அளவை மட்டும் கூறி அமையவில்லை. பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், அணிகலன்களைத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்தமையைப் பெயர் சுட்டிப் பதிகின்றன. எண்ணுடன் அதனைத் தந்த கருவியையும் பொறித்த அச்செயலைப் பண்டைப் பெருமைக்காக நான் இங்கு எடுத்துக்காட்டவில்லை. கோயிற் பண்டாரத்துக்கு அதில் நலனிருந்தது, எனவே அது செய்யப்பட்டது.

கருவிக்குப் பஞ்சமென்று சொல்லும் பாடசாலையிலும் ஒரு மரைக்காலும் ஒரு தராசும் கிடைக்கும். ஒரே நெல்லை ஒரே மரைக்காலாற் பத்துமுறை அளந்து நிறுத்து, பத்து எண்களும் எத்தனையாவது இலக்கத்தில் முரண்படுகின்றன எனப் பார்க்கும் செய்முறை எமது கைந்நூல்களில் இல்லை. தலைதட்டி அளப்பதும் குவித்து அளப்பதும் தரும் வேறுபாட்டை அதே மேசையிற் காட்டலாம். அதற்கு இழிவெண்ணிக்கை தேவையில்லை, அளப்பவன் யார் என்பதைக் குறித்துக்கொண்டாற் போதும்.