ஏணிக்கு முந்திய படி

தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் மோட்டார் பந்தயம் என்றால் ஊவா மலையகமே திரளும். பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் பஸ் பிடித்து வரும் தோட்டத்து இளைஞர்களுக்கு, ஓட்டுபவர் பெயரும் வண்டியின் எஞ்சினும் அத்துப்படி. இவர்களில் ஒருவர் பார்வையாளர் வரிசையைத் தாண்டி ஸ்டியரிங்கைப் பிடிக்க எந்த வழி இருக்கிறது?

உலகம் காட்டும் வழி, கார்ட் என்னும் சிறு பந்தய வண்டியில் தொடங்கும் கார்ட்டிங். சிறுவயதில் கார்ட், பதினைந்து வயதையொட்டி ஃபோர்மியூலா 4, பிறகு 3, 2, முடிவில் ஃபோர்மியூலா 1. எட்டு வயதில் கார்ட் ஏறிய லூயிஸ் ஹாமில்டனுக்கு 13 வயதில் மெக்லாரன் அணி கைகொடுத்தது. இலங்கையின் யெவான் டேவிட்டும் கார்ட்டிங்கில் தொடங்கி, 2025இல் யூரோஃபோர்மியூலா ஓப்பன் தொடரில் ஓட்டினார்.

கார்ட்டிங் என்ற இந்தப் பள்ளியை நான் மதிக்கிறேன். கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் கிடையாது, டிஃபரன்ஷியலும் கிடையாது. பின்சக்கரங்கள் ஒரே அச்சில் இறுகியிருப்பதால், வளைவில் உள்பக்கச் சக்கரம் சற்றே மேலெழும்பினால்தான் வண்டி ஒழுங்காகத் திரும்பும். ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடிப்பது, பிரேக்கை எங்கே விடுவது என்பதைப் பிள்ளை உடம்பாலேயே கற்கிறது. தவறினால் வண்டி அந்த நொடியே காட்டிக்கொடுக்கும். உரசும் நெருக்கத்தில் முந்தவும், பொறுத்து இடம் விடவும் இவ்வளவு இளமையில் பழக்கும் இடம் வேறில்லை.

ஆனால் சேர்க்கையில் கோளாறு. யாருக்குத் திறமை உண்டு என்று பார்ப்பதற்கு முன்பே, யாரால் செலவழிக்க முடியும் என்று இந்த ஏணி கேட்டுவிடுகிறது. ஃபோர்மியூலா 3இல் ஒரு பருவம் ஓடப் பத்து லட்சம் யூரோவும் போதாது. தோட்டத் தொழிலாளிக்கு 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாட்சம்பளம்தான். பண்டாரகமையிலுள்ள கார்ட்டிங் தடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போவதென்றாலே ஒரு நாள் பேர் போய்விடும். 17 வயதில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஃபோர்மியூலா 1க்குள் வந்தபின், அதில் ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்கு 18 வயதும் மூன்றாண்டில் 40 புள்ளிகளும் வேண்டும் என்று 2016இல் விதி வந்தது. தகுதியில்லாதவர் பணத்தால் நுழைவதை அது தடுக்கிறது, நல்ல விதிதான். ஆனால் அந்தப் புள்ளிகளைச் சேர்க்கவும் பணம்தான் வேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்று வழி தேடி நாம் உற்றுப் பார்க்க வேண்டியது கோயம்புத்தூரை. 2005இல் ஜோர்டன் அணியில் ஓட்டி இந்தியாவின் முதல் ஃபோர்மியூலா 1 ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் அந்த ஊர்க்காரர். தந்தை ராலி வீரர், வசதியான குடும்பம், பிரான்சில் எல்ஃப் வின்ஃபீல்ட் பள்ளியில் பயிற்சி. இதெல்லாம் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் இந்தியாவில் அவர் ஓட்டிய ஃபோர்மியூலா மாருதி வேறு சங்கதி. தெருவில் ஓடும் மாருதி 800இன் எஞ்சினைப் பூட்டி எஸ். கரிவரதன் உருவாக்கிய மலிவான பந்தய வண்டி அது. உள்ளூரில் பழுதுபார்க்கக்கூடிய எஞ்சின் என்பதால் பந்தயம் பெருஞ்செல்வரின் எல்லையைத் தாண்டியது. ஓட்டுநரோடு மெக்கானிக்கும் வளர்ந்தார். 2003இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்குகிறது.

ஊவாவுக்கு ஹாமில்டனைவிடக் கரிவரதன்தான் தேவை. த்ரீவீல் எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பையன்கள் பதுளையிலும் பசறையிலும் இருக்கிறார்கள். அந்த எஞ்சினில் ஓடும் எளிய கார்ட், ஒரு சிறிய சுற்றுப்பாதை, ஓர் உள்ளூர்க் கழகத்துக்குப் பொதுவான ஹெல்மெட்டும் உடையும். முதல் படி இவ்வளவில் கட்டலாம்.

அதைத் தியத்தலாவையில் கட்டுவதானால் 2024 ஏப்ரல் 21ஐ மறந்துவிட்டுக் கட்ட முடியாது. ஐந்தாண்டு இடைவெளிக்குப்பின் நடந்த ஃபொக்ஸ் ஹில்லில் ஒரு கார் தடம் விலகிக் கூட்டத்தில் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட 7 பேர் இறந்தார்கள். திறமை காட்ட வரும் பிள்ளைகளுக்கும் அதைப் பார்க்க வரும் பிள்ளைகளுக்கும் நடுவே உறுதியான தடுப்பும் போதிய இடைவெளியும் வேண்டும். பயிற்சி பெற்ற மார்ஷல்களும் வேண்டும். கழகம் சேர்க்கும் முதல் ரூபாய் கார்ட் வாங்க அல்ல, இதற்குத்தான் போக வேண்டும்.