மேடை வள்ளியும் திரை ஔவையும்

ஒலிபெருக்கி வழக்கத்துக்கு வராத காலத்து இசைநாடக மேடை, நடிகரிடம் முதற்கண் வேண்டியது குரலையே. விடியும்வரை நீளும் கூத்தில் கடைசி வரிசையில் தரையிலே அமர்ந்தவனுக்கும் சொற் சிதையாது பாட்டு எட்டுதல் வேண்டும். மங்கிய விளக்கொளியில் முகக் குறிப்பை எவர் கண்டார்? அம்மேடை வளர்த்த குரல்களுள் தலையாயது, கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு பிறந்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் குரலாகும்.

அக்குரலின் வரலாற்றில் இலங்கைக்கும் பங்குண்டு. 1926இல் கொழும்பிலே எஸ். ஜி. கிட்டப்பாவுடன் அவர் ‘வள்ளி திருமணம்’ ஆடினார். மறு ஆண்டு இருவரும் மணந்தனர். சங்கரதாஸ் சுவாமிகள் யாத்த அந்நாடகத்தின் உயிர், வேலனும் வள்ளியும் நிகழ்த்தும் தர்க்கம். எழுதிய பாடத்தைக் கடந்து, மேடையில் நின்றபடியே பாட்டுக்குப் பாட்டு விடைகொடுக்கும் கூர்மையும் குறும்பும் வள்ளிக்கு வேண்டும். அம்மையார் பெயரெடுத்தது இத்தகைய காதற் பாத்திரத்திலே என்பதைப் பிற்காலத்தார் பெரும்பாலும் மறந்தனர்.

1933இல் கிட்டப்பா முப்பது வயதையும் எட்டாது மறைந்தார். பேசும் படம் எதிலும் அவர் தோன்றவில்லை. அம்மையார் வெள்ளாடை பூண்டு ஒதுங்கினார். ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என உறுதி கொண்டார். அவரைத் திரைக்கு அழைத்தவர்கள் ஓர் இலட்சம் ரூபாய் கொடுத்து, ஆண்வேடமே தந்தனர். ‘பக்த நந்தனார்’ 1935இல் வெளிவந்தது.

அப்படத்தை நடிப்பின் வெற்றி எனல் பொருந்தாது. பாலர் சபைகளில் சிறுவர் பெண்வேடம் புனைந்ததைக் கண்டு பழகிய நாடக இரசிகர், வேடமாற்றத்தை உடன்பட்டு ஏற்பர். படக்கருவியோ அருகே வந்து நோக்குவது. அதற்கு அவ்வுடன்பாடு தெரியாது. கண்ணை மூடிக் கேட்டால் நந்தனார் நெஞ்சை உருக்குகிறார். கண்ணைத் திறந்தால் பாடகியே நிற்கிறார்.

‘மணிமேகலை’ (1940) மீண்டும் ஒரு துறவி. 1953இல் ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட ‘ஔவையார்’ படத்திலேதான் குரலும் வடிவும் ஒன்றின. சங்ககால ஔவையையும் நீதிநூல் ஔவையையும் ஒருவராக்கிய குறை இலக்கிய மாணவரை உறுத்துவதே. ஆயினும், மணத்தை மறுத்து முதுமையை வரமாக வேண்டிப் பெற்றாள் என்னும் கதை, நாற்பத்தைந்து வயதில் வெள்ளாடையுடன் நின்ற இவ்வம்மையாரிடத்தில் வேடமாகவே தோன்றவில்லை. இங்கே அவர் நடிக்க முயலவில்லை. கோலூன்றி நடக்கிறார், நிற்கிறார், பாடுகிறார். பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்கிற்று என்று பிரித்தறிதல் அரிது. அது மேடை கற்பித்த வித்தை.

அவ்வெற்றியே பின்னர் வேலியாயிற்று. ‘பூம்புகார்’ (1964) படத்தில் கவுந்தியடிகள். ‘திருவிளையாடல்’ (1965), ‘கந்தன் கருணை’ (1967) இரண்டிலும் மறுபடி ஔவை. இளங்கோ படைத்த கவுந்தி, கோவலன் கொலையுண்டமை கேட்டு உண்ணாநோன்பால் உயிர்நீத்தவர், பாடகியல்லர். திரைக் கவுந்தியோ பாடுகிறார். படமுதலாளிகள் வேண்டியது அவர் குரலை. பாத்திரம் அதற்கு ஒரு போர்வை. துறவு அம்மையாரின் தேர்வு. ஆனால் காதலன்றி வேறு குறும்பும் வாதமும் கோபமும் வாய்ந்த பாத்திரங்கள் தமிழ்க் கதைகளில் இல்லையா? வள்ளியின் தர்க்கத்திறனுக்கு இடந்தரும் படமொன்றை அவருக்கு எவரும் ஆக்கித் தந்திலர்.

‘துணைவன்’ (1969) படத்துக்காக இந்திய அரசின் தேசிய விருது அவரை அடைந்தது. அது நடிப்புக்கன்று, பாட்டுக்கு.