குறி தவறியவள்

மார்ஜரி கின்னன் ராலிங்ஸ் 1938இல் எழுதிய 'தி இயர்லிங்' நாவல் ஃபுளோரிடா காட்டுப்புறத்து ஏழை விவசாயக் குடும்பம் ஒன்றின் கதை. அதில் கொல்லப்படும் மான்களில் இரண்டு முக்கியமானவை. பாம்பு கடித்த தந்தை பென்னி, விஷத்தை உறிஞ்ச ஈரல் வேண்டுமென்று ஒரு தாய்மானைச் சுடுகிறார். அநாதையான குட்டியை மகன் ஜோடி வளர்க்கிறான். வளர்ந்த குட்டி மக்காச்சோளப் பயிரை மீண்டும் மீண்டும் மேய்ந்துவிடுகிறது. அதைச் சுடும்படி படுக்கையில் கிடக்கும் பென்னி சொல்கிறார். ஜோடிக்கு மனம் வரவில்லை. தாய் ஓரா சுடுகிறாள். குறி தவறி, மான் காயத்தோடு துடிக்கிறது.

காயப்பட்ட உயிரை வதையில் விடக்கூடாது என்பது வேட்டையின் அறம். தந்தை சொல்ல, மகன் அதை நிறைவேற்றுகிறான்; அவன் ஆளாகும் தருணமாக நாவல் அதைக் காட்டுகிறது. ஓராவுக்கு மிஞ்சுவது கல்நெஞ்சக்காரி என்ற பெயர்.

தந்தை தன் உயிருக்காகச் சுட்டதைத் 'தேவை' என்று ஏற்கும் நாம், குடும்பத்தின் சோற்றுக்காகத் தாய் சுட்டதை ஏன் கொடுமை என்கிறோம்? வேட்டைக்குப் போனவர்கள் தந்தையும் மகனும். துப்பாக்கி பழகாதவள் ஓரா; பல குழந்தைகளைப் புதைத்தவள்; பசி என்னவென்று அறிந்தவள். அந்த மானின் வேதனைக்கு அவள் குறி மட்டும் காரணமல்ல. முடிவை ஆணிடமும், பழகாத வேலையையும் பழியையும் பெண்ணிடமும் வைத்த அந்த வீட்டின் ஏற்பாடும் காரணம்.