வசவு யார் மேல் விழுகிறது?

2021 ஜனவரி, சிட்னி டெஸ்ட். மூன்றாம் நாள் ஆட்டத்தில் ஆஸ்திரேலிய கேப்டன் டிம் பெயின் கெட்ட வார்த்தையோடு அம்பயரிடம் மல்லுக்கு நின்றார். தீர்ப்புக்கு அதிருப்தி காட்டினார் என்று ஆட்ட ஊதியத்தில் 15 சதவீதம் அபராதம் விழுந்தது. கடைசி நாளில், ஸ்டம்ப் மைக்கில் பதிவாகும் அளவுக்கு நம் அஸ்வினை வைதார். அதற்கு அபராதம் இல்லை. மறுநாள் அவராக முன்வந்து மன்னிப்புக் கேட்டார்.

அம்பயரைத் திட்டினால் தண்டனை, எதிரணிக்காரரைத் திட்டினால் மன்னிப்பே போதும் என்பது சரியான கணக்கல்ல.

ஆட்டமே பெயினுக்கு ஒரு தண்டனை கொடுத்தது. வைத சற்று நேரத்தில், அஸ்வினோடு ஆடிக்கொண்டிருந்த விஹாரியின் கேட்சைத் தவறவிட்டார். முதுகுவலியோடு நின்ற அஸ்வின் 128 பந்துகளில் 39, தொடை காயத்தோடு விஹாரி 161 பந்துகளில் 23. இருவரும் அவுட் ஆகவில்லை, டெஸ்ட் டிரா. வாயை விட்டவரின் கவனம் சிதறியது. வாங்கிக்கொண்டவரின் கவனம் கூடியது.

அதே சிட்னியில் 2008-ல் ஹர்பஜன் சிங் மீது வந்தது இனவசைப் புகார். முதலில் மூன்று டெஸ்ட் தடை. இந்தியில் தாயை இழுத்துத் திட்டியதைத்தான் தவறாகக் கேட்டார்கள் என்று வாதாடியது அவர் தரப்பு. மேல்முறையீட்டில் இனவசை நிரூபணமாகவில்லை. தடை நீங்கி, 50 சதவீத அபராதம் மட்டும் மிஞ்சியது. நம்மவர் என்பதற்காக மறைக்க வேண்டாம்: ஒருவரின் தாயை இழுப்பது லேசான குற்றமல்ல.

அதற்காக வாயிலிருந்து விழும் எல்லாவற்றையும் தண்டிப்பதும் அநியாயம். கேட்ச் விட்டவர் தன்னையே நொந்து கத்தினால் யாருக்கும் காயமில்லை. 2024-ல் சிங்கப்பூரில் தன் காரைத் திட்டியதற்காக ஃபார்முலா 1 வீரர் வெர்ஸ்டாப்பனுக்கு அந்தப் பந்தயத்தை நிர்வகிக்கும் அமைப்பு பொதுப்பணி தண்டனை கொடுத்தது. 2025 மே மாதம் அதே அமைப்பு கெட்ட வார்த்தைக்கான அபராதத்தைப் பாதியாகக் குறைத்தது. பந்தயச் சூட்டில் வரும் பேச்சு வேறு, செய்தியாளர் முன் வரும் பேச்சு வேறு என்றும் ஒப்புக்கொண்டது.

அரும்பாவூர் போன்ற ஊர்களின் கபடிக் களங்களுக்கும் இது பொருந்தும். பாடிப் போனவர் பிடிபட்டு எழும்போது 'சே' என்று மண்ணை அடித்தால் விட்டுவிடலாம். பிடித்தவரின் தாயையோ சாதியையோ இழுத்தால் விடக்கூடாது. பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் அட்டை இரண்டு நிமிடம் வெளியே, சிவப்பு அட்டை ஆட்டத்திலிருந்தே வெளியே என்று கபடி விதியிலேயே வழி இருக்கிறது. சாதி வசவுக்குச் சிவப்பைத் தவிர வேறு அட்டை கூடாது. பட்டியலின மக்களைப் பொது இடத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்துவது 1989-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கபடிக் களம் அதற்கு விதிவிலக்கல்ல.

போட்டி தொடங்கும் முன்பே விழாக் குழு இதை மைக்கில் அறிவிக்கட்டும். பரிசு கொடுப்பவரின் மகனுக்கும் கூலிக்காரர் மகனுக்கும் ஒரே அட்டை காட்டும் துணிவு நடுவருக்கு வேண்டும். அந்தத் துணிவுக்கு ஊர் பின்னால் நிற்க வேண்டும்.