படிவயலுக்கு வயது என்ன?

மதுரை வட்டாரத் தொல்லியல் கல்லைப் படித்த அளவுக்கு மண்ணைப் படிக்கவில்லை. கீழக்குயில்குடியே சான்று. அங்குள்ள சமணர் மலையில் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் ஆகிய இடங்களின் சமணச் சிற்பங்களுக்கு 9, 10ஆம் நூற்றாண்டு என்று காலம் குறித்தாயிற்று. வட்டெழுத்துக் கல்வெட்டுகளை வாசித்தாயிற்று. மத்தியத் தொல்லியல் துறையின் காவலும் உண்டு. மேலே இருந்த மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளிக்குச் சோறு போட்ட நிலத்துக்கோ இவற்றில் எதுவும் இல்லை. மலைச்சரிவின் மழைநீரைக் கண்மாயில் தேக்கி, மடை வழியே வரப்பு வரப்பாக இறக்கும் அமைப்பு, ஆய்வுகளில் பெரும்பாலும் சிற்பத்துக்குப் பின்னணியாகவே நின்றுவிடுகிறது.

மலையேறினால் வேறொரு குறை. பழனிமலையில் உள்ள பழங்கால ஈமச்சின்னங்களான கல்திட்டைகளைப் பற்றி ஆங்கிலேட், நியூட்டன் இருவரும் 1928இல் வெளியிட்ட நூல் இன்றும் அடிப்படை ஆவணம். ஆனால் கல்திட்டையின் பழமையை அதே மலையில், சரிவில் சுவர் எழுப்பிப் படிப்படியாக அமைத்த பூம்பாறைப் படிவயல்களுக்கும் ஏற்றிச் சொல்வது முறையாகாது. பக்கத்தில் இருப்பதாலேயே இரண்டும் ஒரே காலத்தவை ஆகிவிடா.

இப்படி ஊகித்த வயது, மண்ணை அளந்தபோது மாறியதற்கு எடுத்துக்காட்டு உண்டு. பிலிப்பைன்ஸின் இஃபுகாவோ படிவயல்களுக்கு 2000 ஆண்டு வயது என்றுதான் பாடநூல்கள் சொல்லிவந்தன; 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பெற்றபோதும் அதுவே பேச்சு. தொல்லியலாளர் ஸ்டீபன் அகபாதோ வயல்மண் அடுக்குகளிலிருந்து கரிமக் காலக்கணிப்பு செய்து, நெல் விளைந்த படிகளின் பெருக்கத்தை ஸ்பானியர் வருகைக்குப் பிந்தைய காலத்துக்குக் கொண்டுவந்தார். ஊகத்தின் இடத்தில் அளவீட்டை வைத்தது அவர் சாதனை. சில இடங்களின் மாதிரிகளைக் கொண்டு முழு மலைத்தொடருக்கும் எவ்வளவு பேசலாம் என்ற கேள்வி மட்டும் நிற்கிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வயது குறைந்ததால் அந்த மக்களின் மதிப்பு குறையவில்லை. குறுகிய காலத்தில் இத்தனை சுவர் எழுப்பியவர்கள் என்ற பெருமை கூடியது.

காலக்கணிப்பு எளிதும் அல்ல. சுவரடியில் கிடைக்கும் கரி சுவரைவிடப் பழையதாக இருக்கலாம். மணற்பரல் கடைசியாக வெயில் கண்ட காலத்தைச் சொல்லும் ஒளிக்கணிப்பு இங்கே கூடுதல் பொருத்தம். அதிலும், இடிந்து இடிந்து கட்டப்பட்ட சுவருக்கு ஒற்றை வயது கிடையாது.

அந்த மறுகட்டுமானமே நீடிப்பின் உண்மையான அளவுகோல். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நல்லதே. ஆனால் அது பூண்டின் பெயரைக் காக்கும், பூண்டு விளையும் படிவயலின் சுவரை அல்ல. சமவெளியில் 2017இல் தொடங்கிய குடிமராமத்துத் திட்டம் ஆயக்கட்டு விவசாயிகளைக் கண்மாய் வேலைக்குள் கொண்டுவந்தது. அது அதன் நிறை. பழைய குடிமராமத்து ஆண்டுதோறும் ஊர் செய்த கடமை. புதியதோ நிதி வந்தபோது நடந்த பணி. பெயர் மீண்டது, முறை பாதிதான் மீண்டது.

ஆகவே தீர்ப்பு இது: நம் படிவயல், கண்மாய் ஆய்வுகள் கல்வெட்டில் தேர்ச்சி, மண்ணில் தோல்வி. கீழக்குயில்குடியில் கரையையும் மடையையும் குறுக்கே வெட்டி, அடுக்கடுக்காக மண் எடுத்துக் கணிக்கும்வரை, சிற்பத்துக்குத் தரும் ஆயிரம் ஆண்டை வயலுக்கும் தர இயலாது.