அவருக்குப் பின், தாய்

கோவையில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், 1984இல் தன் சிறுவயது மகன் பேரில் ரிசர்வ் வங்கியின் ஒன்பது சதவீத ரிலீஃப் பத்திரங்கள் வாங்க விண்ணப்பித்தார். கார்டியன் என்ற இடத்தில் அவரே கையெழுத்திட்டார். கணவருக்கும் இதில் சம்மதம்தான். ஆனால் தந்தை கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் தாய்தான் கார்டியன் என்பதற்கு உரிய அதிகாரியின் சான்று வேண்டும் என்று வங்கி பதில் எழுதியது. வங்கி தன் இஷ்டத்துக்குச் சொல்லவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து மைனர்கள் காப்பாளர் சட்டம், 6ஆம் பிரிவில், மணவாழ்க்கையில் பிறந்த குழந்தையின் இயற்கைக் காப்பாளர் யார் என்று சொல்கிறது: தந்தை, அவருக்குப் பின் தாய்.

இந்தப் பிரிவு சமத்துவ உரிமைக்கே விரோதமானது என்று கீதா உச்ச நீதிமன்றம் போனார். வந்தனா சிவாவின் மனுவும் அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்டது. அவர் வழக்கில் பத்திரம் இல்லை, பிள்ளையே வழக்கு. விவாகரத்து கேட்ட கணவர் மகனையும் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டிருந்தார்.

1999 பிப்ரவரி 17 அன்று தீர்ப்பு வந்தது. ‘பின்’ என்றால் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருளல்ல, தந்தை ‘இல்லாத நிலையில்’ என்றும் கொள்ளலாம் என்றது நீதிமன்றம். அவர் பிள்ளையைத் திரும்பியும் பார்க்காமல் இருப்பது, நோயால் முடியாமல் போவது, தாயே பார்த்துக்கொள்ளட்டும் என்று இருவரும் பேசி முடிவெடுத்திருப்பது எல்லாமே ‘இல்லாமை’ ஆகலாம்.

இதை வெற்றி என்று சொல்வதில் தவறில்லை. கணவர் உயிரோடு இருக்கும்போதே தாயின் கையெழுத்து செல்லும் என்பதற்கான வழியை அகலப்படுத்தியது இந்தத் தீர்ப்பு. ஆனாலும் அதை ஒரு பிரதியாக வாசித்தால் உறுத்துகிறது. நீதிமன்றம் அந்தச் சொல்லை நீக்கவில்லை, அதன் பொருளை விரித்துச் சட்டத்தைக் காப்பாற்றியது. தாய் காப்பாளர் ஆவது தாய் என்பதால் அல்ல, தந்தை இல்லை என்பதால். அந்த இல்லாமையை நிரூபிக்கும் வேலையும் அவளுடையதே. அதே பிரிவின் அடுத்த வரியையும் படியுங்கள். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு முதலில் தாய், அவருக்குப் பின் தந்தை என்கிறது. தாயை முன்னால் வைக்கச் சட்டத்துக்குத் தெரியாமல் இல்லை. தந்தைவழி வம்சம் உரிமை கொண்டாடாத இடத்தில் மட்டும் வைக்கிறது.

கொங்கு நாட்டுப் பெண்களுக்கு இது புதிதல்ல. இங்கே பிள்ளைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில். சீர்த்தட்டு அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து வந்தாக வேண்டும். ஆனால் கொங்கு வேளாளர் குடும்பங்களில் பிள்ளை சேர்வது அப்பாவின் கூட்டத்தில், கும்பிடுவது அப்பாவின் குலதெய்வத்தை. தம்பதி பிரியும்போது பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். “பையன் எங்க கூட்டத்துப் புள்ளைங்க, அவனை மட்டும் உட்டுட்டுப் போகச் சொல்லுங்க” என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள். பெண் குழந்தை என்றால் அந்தக் குரல் தணிந்துவிடுவதையும் நம்மில் பலர் கேட்டிருப்போம்.

ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கட்டும் என்றும் 6ஆம் பிரிவு சொல்கிறது. இதைச் சலுகை என்பார்கள். பால் கொடுக்க, துணி அலச, காய்ச்சலில் கண்விழிக்கத் தாய். கையெழுத்துப் போடத் தந்தை. குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று 13ஆம் பிரிவு சொல்வதையும் மறைக்க வேண்டாம். அதன்படி ஐந்து வயதைத் தாண்டிய குழந்தைகளையும் தாயிடமே விடும் நீதிமன்றங்கள் உண்டு.

ஆனால் பிள்ளையைக் கையில் கொடுத்த பிறகும் அவளிடம் மனைவியின் வேலை எதிர்பார்க்கப்படுகிறது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், குழந்தையைப் பார்க்க வரும் தந்தையை விருந்தினராக நடத்திச் சிற்றுண்டியும் இரவு உணவும் தரும்படி தாய்க்குச் சொன்னார். பிறகு இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. பிள்ளைக்கு இரு பெற்றோரின் அன்பிலும் உரிமை உண்டு. அப்பாவைப் பார்க்கும் உரிமை பிள்ளையுடையது. அதற்காக அம்மா இலை போட வேண்டியதில்லை.

பணம் என்று வந்தால் வரிசை தலைகீழாகிறது. கையெழுத்தில் முன்னால் நின்றவர் செலவில் பின்னால் போகிறார். தோட்டம் அப்பா பேரில், தறி அண்ணன் பேரில், என் கையில் ஒன்றுமில்லை என்ற பதில் கோவை, திருப்பூர்ப் பக்கம் பழக்கமானது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், ஜீவனாம்சத்தை மனுப் போட்ட நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றது. வழக்கு நடத்தும் பெண்கள் இந்தத் தீர்ப்பின் பேரைச் சொல்லியே கேட்கலாம்.

தாயையும் தந்தையையும் சமமான இயற்கைக் காப்பாளர்களாக்கும்படி 2015இல் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. ‘பின்’ இன்னும் சட்டத்தில் இருக்கிறது. கீதாவின் வழக்கில் கணவர் எதிரி அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. இருவரும் ஒத்துப்போன வீட்டிலேயே தாயின் கையெழுத்து திரும்பி வந்தது. பிரிந்த வீட்டில், எதிர்த்தரப்பு வக்கீல் கையில், அந்தச் சொல் என்னவெல்லாம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டம் மாறும்வரை தடுப்பூசி அட்டை, பள்ளிக் கட்டண ரசீது, மருந்துச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். வளர்த்ததற்கு அத்தாட்சி கேட்பது இங்கே தாயிடம் மட்டும்தான்.